ட்ரூடெலுக்கு இருபது நிமிஷம்

சாப்பாட்டு மேசையிலிருந்து யார் எழுந்தாலும் அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தபிறகுதான் எடுப்பார். அம்மா உப்பு எடுக்கப் போனாலும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆனாலும் அப்பா ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேட்க எனக்கே தோன்றியதில்லை.

அப்பா, ஆன்செல் மல்விஹில், வட ஒண்டாரியோவில் சுரங்கத்து லிஃப்ட் ஓட்டினார். அதற்குமுன் நான்கு குளிர்காலம் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடினார், முன்வரிசையில். நான் படிக்கக் கிளம்பிய அன்றுதான் இதையெல்லாம் சொன்னார்.

அந்தக் காலத்தில் அணிக்கு ஏழு பேர், மாற்று ஆள் கிடையாது. ஒருவன் அடிபட்டு வெளியேறினால் எதிரணியிலும் ஒருவன் வெளியே போய் உட்காருவான். சட்டமில்லை, வழக்கம். 1909 ஜனவரியில் அப்பாவுக்குக் கணுக்கால் கிழிந்தபோது, எதிரணியின் ஓவிட் ட்ரூடெல் தானாகவே வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் ட்ரூடெலின் ஊரில் ஆட்டம். அப்பாவின் மட்டை ட்ரூடெல் முகத்தில் பட்டது. கண்ணெல்லாம் ரத்தம், தூக்கிப் போனார்கள். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அப்பா பெஞ்சுக்கு நடந்தார்.

"எங்கய்யா போற? உக்காரவா சம்பளம் குடுக்கறேன்?" என்றார் அணி மேலாளர்.

அப்பா ஆட்டத்துக்கே திரும்பினார். ஜெயித்த கோலும் அவருடையதே. அடுத்த வருஷ ஆட்டக்காரர் பட்டியலில் ட்ரூடெல் பெயர் இல்லை. கண் போய்விட்டது என்று ரயிலில் யாரோ சொன்னார்கள்.

"நீ படிக்கப்போறது அவர் ஊரு. ரெண்டு கண்ணும் இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா" என்றார் அப்பா.

பயத்தில் மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். பட்டம் வாங்கிய வாரம்தான் போனேன். ட்ரூடெல் தன் ஸ்கேட் கடையில், கண்ணாடிகூட இல்லாமல், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணா? ரெண்டு இருக்கு, எண்ணிக்கோ. புருவத்துல ஏழு தையல், அவ்வளவுதான். கல்யாணம் ஆச்சு, அவ ஆடக்கூடாதுன்னுட்டா. உங்கப்பன் அடிச்ச கோலைப் பாக்கல, அதுல எனக்கொண்ணும் நஷ்டமில்ல."

ஊருக்கு வந்து சொன்னேன். அப்பா வெகுநேரம் சிரித்தார். அன்று சாப்பாட்டின்போது அம்மா எழுந்து போனாள். அவர் கரண்டியை வைக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்றாள் அம்மா, திரும்பி வந்து.

"நல்லாத்தான் இருக்கேன். இருபது நிமிஷம் பாக்கி இருக்கு. ஒருநாள் போய் அவர் பக்கத்துல உக்காந்துட்டு வரணும்."

போகவில்லை. ஏரி உறைவதற்குள் அப்பா இறந்துவிட்டார்.