அட்டைப்படத்தில் வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாவது வரைக்கும் படித்தவன். மகள் புத்தகம் எழுதுகிறாள், நாமும் பேனா எடுப்பதா என்று கூச்சம். இப்போது முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

மகளுக்கு அமெரிக்காவில் ஒரு மியூசியத்தில் வேலை. போன நூற்றாண்டில் அந்த நாட்டுக்காரர்கள் வரைந்த புதுமாதிரி ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து மாட்டுவதும், அவற்றைப் பற்றி எழுதுவதும் அவள் சோலி. என் மனைவி இருந்தவரை போனில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வேன். மனைவி தவறிய பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ஏலக்காய் என்ன விலை. அதோடு பேச்சு தீர்ந்துவிடும். போனை வைத்தபின் வீடு இன்னும் பெரிதாகத் தெரியும். அவளிடம் பேச எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் எழுதிய புத்தகம் தபாலில் வந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைப்பது நம் வழக்கம். நாலு மூலையிலும் நடுவிலும் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தேன். அட்டை முழுக்க ஒரு ஓவியம். மரமில்லை, மனுசரில்லை, சாம்பல் கலந்த பச்சை மட்டும். மச்சினன் வந்து பார்த்தார்.

"மாப்ளே, புள்ள படம் போட மறந்துட்டு அட்டைய மட்டும் அனுப்பிருச்சா?"

உள்ளே எல்லாம் இங்கிலீசு. மகளிடம் கேட்டதற்கு, முதல் பக்கத்தை மட்டும் தமிழில் பேசிப் பதிந்து போனுக்கு அனுப்பினாள். இந்த ஓவியத்தில் என்ன இருக்கிறதென்று தேட வேண்டாம், முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்று எழுதியிருந்தாள். தினமும் விளக்கேற்றிச் சாமி முன்னால் நிற்கிறவன்தானே, இதற்கும் சேர்த்து நின்றேன். ஒன்றும் தெரியவில்லை.

ஐப்பசியில் குரங்கணிக்கு மேலே மலையில் எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போயிருந்தேன். மத்தியானமே மூடுமஞ்சு இறங்கி, செடியும் மரமும் மறைந்து, கண்ணுக்கு எதிரே அந்த அட்டைதான் நின்றது. இந்த மாதிரி நேரத்தில் என் மனைவி எங்கிருந்தாவது குரல் கொடுப்பாள், நான் பதில் கொடுப்பேன். அன்றைக்கு நானாக ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு வீடியோவில் மகளிடம் இதைச் சொன்னேன். வரைந்தவர் மஞ்சை நினைத்து வரையவில்லை, வெறும் நிறம்தான்ப்பா என்றாள். சொல்லிவிட்டு அவளே அம்மாவின் குரலைப் பற்றி ஆரம்பித்தாள். அம்மா பேச்சும் அந்த ஓவியர் பேச்சுமாக வெகுநேரம் ஓடியது. இடையில் புத்தகத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பொட்டைப் பார்த்ததும் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். ஓவியத்தில் ஒரு விரல்கூடப் படாமல் பார்த்துக்கொள்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தெரியாம வச்சிட்டேன் ஆத்தா. ஈரத்துணிய வச்சுத் தொடச்சிர்றேன்."

"வேணாம்ப்பா. அம்மா இருந்தா அவங்களும் வச்சிருப்பாங்க. அப்படியே இருக்கட்டும்."

மச்சினன் இதை ஊரில் சொல்லிச் சொல்லி, மகள் அழுதாள், வேலையை விட்டுவிட்டு வரப்போகிறாள் என்று ஆக்கிவிட்டார். அவள் அழவில்லை. வர்றேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் மாத்திரையில்தான் தொடங்கினாள். ஆனால் அதற்குப் பிறகு புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைத் தமிழில் சொன்னாள். நடந்தது இவ்வளவுதான்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவள் வருகிறாள் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். திரும்ப என் காதில் விழுந்தால் நானே நம்பிவிடுவேன்.