வாடிய சோளமும் ஒரு செவலைப் பசுவும்

விஷத்தைப் பற்றிப் படிப்பவனுக்கு வீடு கிடைக்காது என்பதை, மருந்தியல் ஆராய்ச்சியில் சேர்ந்தபோது எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சி மாணவராக அல்லல்பட்டவர்களுக்கு இது புரியும்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வறட்சி வருடம். வாடிய சோளப் பயிரைத் தின்ற மாடுகள் ஏன் பொத்தென்று விழுந்து சாகின்றன, எந்த மருந்து காப்பாற்றும் என்று பார்த்துவர, சென்னையிலிருந்து என் பேராசிரியர் என்னை மத்திகிரி கால்நடைப் பண்ணைக்கு அனுப்பினார்.

குடக்கூலி

நாலு வீடு ஏறி இறங்கியபின் ஓர் அம்மாள் அறை தரச் சம்மதித்தார். என்ன உத்தியோகம் என்றார். விஷ ஆராய்ச்சி என்று உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் பெட்டியையே பார்த்தார்.

"இருந்துக்கங்க. கெணத்துப் பக்கம் மட்டும் போவாதீங்க, தண்ணி நானே மொண்டு வெக்கறேன்."

மஞ்சள் காகிதம்

பயிர் மாதிரி சேகரிக்கக் கல்லாவி என்ற ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன். பெரியண்ணன் என்ற விவசாயியின் காட்டில் சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. இலையைக் கசக்கிக் குப்பியில் போட்டு, மருந்தில் நனைத்த மஞ்சள் காகிதத்தை உள்ளே தொங்கவிட்டேன். சில நிமிஷத்தில் காகிதம் செங்கல் நிறமானது. விஷம் ஏறியிருக்கிறது, மாட்டை இந்தப் பக்கமே விடாதீர்கள் என்றேன். அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"எங்க மாட்டுக்கு இதெல்லாம் தெரியும் தம்பி. விஷம்னா வாயே வெக்காது."

ஊசி

இரண்டாம் நாள் அவருடைய செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதே சோளத்தில் வாய் வைத்தது. நான் ஓடிப்போனபோது கால்களை உதறிக்கொண்டு, மூச்சுக்குத் திணறிக் கிடந்தது. வீட்டில் கறவை அது ஒன்றுதான். அவர் மனைவி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மாட்டு டாக்டர் இருந்தது பல மைல் தள்ளி ஊத்தங்கரையில். என் பெட்டியில் மருந்து இருந்தது. ஆனால் நான் அதுவரை ஊசி போட்டதெல்லாம் முயலுக்குத்தான். கழுத்து நரம்பைத் தேடிப் பிடித்து, மருந்தை மெதுவாக ஏற்றினேன். கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது. பிறகு பசு தள்ளாடி எழுந்து நின்றது. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரியண்ணன் பசுவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"கழுத்துல குத்துன வலி தாங்காம எந்திரிச்சிருச்சு பாத்தீங்களா!"

பேராசிரியர்

சென்னைக்குத் திரும்பியதும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதே அளவு தின்ற இன்னொரு மாட்டை மருந்து போடாமல் விட்டுப் பார்த்தீரா?"

எனக்குப் பட்டம் கிடைக்க மேலும் மூன்று வருடம் பிடித்தது. அதற்குள் அந்தப் பசு இரண்டு கன்று ஈன்றுவிட்டதாகக் கல்லாவியிலிருந்து கடிதம் வந்திருந்தது.