பதினெட்டடி வெறுந்தரை

குப்பனூரில் என் வீட்டு முன்னறையில் ஒரு பிரம்பு நாற்காலி இருக்கிறது. ஈட்டி மரச் சட்டம், இடது கைப்பிடியில் ஒரு கீறல். வெகுகாலம் அதன்மேல் ஓடாத சுவர்க்கடிகாரங்கள் இரண்டும், மூடி தொலைந்த தூக்குப்போசிப் பாத்திரங்கள் நான்கும், அவற்றின்மேல் பழைய செய்தித்தாள்களும் கிடந்தன. காப்பி எஸ்டேட் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணி வைப்பேன், எதையும் எறிய மாட்டேன். கணக்கில் உள்ளது கண்ணெதிரில் இல்லையென்றால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. இந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தவர் என் அண்ணி. மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய வண்டியில் போட்டு அனுப்பினார். அது வந்து இறங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அண்ணன் ஏற்காட்டில் ஒரு தோட்டத்தின் பெரிய ரைட்டர், அதாவது தலைமைக் கணக்கர்; மாதா கோயில் கமிட்டியிலும் இருந்தவர். கரடியூர் சாலையிலிருந்து பிரியும் சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவர் கட்டிய வீட்டின் ஹாலில் ஒரே அச்சாகப் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. நடுவில் பெரிய சாப்பாட்டு மேசை. பொழுது சாய்ந்தால் பன்னிரண்டும் நிரம்பிவிடும். சம்பளத் தகராறு, ஞானஸ்நான விருந்து, பாதைத் தகராறு எல்லாம் அங்கேதான் பேசித் தீரும். பேச்சு எத்தனை சுற்று போகிறதோ அத்தனை சுற்றுக் காப்பி வரும். அண்ணி கதவருகே நின்று தட்டை நீட்டுவார், காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போவார். அவருடைய முகத்தை அந்த நாட்களில் நான் சரியாகப் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை. தட்டுத்தான் ஞாபகம் இருக்கிறது.

அண்ணன் காலமான பிறகு அண்ணி வீட்டுப் பொருள்களைக் கொடுக்கத் தொடங்கினார். முதலில் கண்ணாடி அலமாரி போயிற்று. பிறகு அண்டாக்கள், மெத்தைகள், சுவர்ப் படங்கள். அந்தப் பன்னிரண்டில் ஒரு நாற்காலி எனக்கு வந்தது. மேசையை நான்கு ஆட்கள் தூக்கிக்கொண்டு மாரமங்கலம் போனார்களாம். நான் மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஏதாவது குறைந்திருக்கும். கண்களால் எண்ணிக்கொண்டே நுழைவேன். அது அவருக்குத் தெரியும்.

"என்னுங்க தம்பி, ஸ்டாக் எடுத்தாச்சுங்களா?" என்று சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு பெண், தனியாக இருப்பவர், கையிலுள்ளதை எல்லாம் ஊருக்குக் கொடுக்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? போவதற்குத் தயாராகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். கேட்டால், "எடம் வேணுமுங்க" என்பார், அவ்வளவுதான். ஒருநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவன், மேடைக்கு அடியில் ஒரு பாட்டிலைப் பார்த்தேன். கறுத்த தண்ணீர், காட்டமான புளித்த வாடை. தோட்டத்துப் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தவர்களை என் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அதைத் தூக்கிப்போய்ப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தேன். அண்ணியிடம் கேட்கத் துணிவில்லை. கீழே வந்ததும் சென்னையிலிருக்கும் அவர் மகனுக்குப் போன் செய்தேன்.

"இனி அம்மாவத் தனியா வுடறதுக்கில்லைங்க சித்தப்பா. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போயர்றேன். நீங்களும் வந்துருங்க. நீங்க சொன்னாத்தான் கேக்கும்" என்றான்.

ஞாயிறன்று குப்பனூர் வழியாக மேலேறும் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் மஞ்சு மூடிக் கிடந்தது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அமுக்கியபடி ஊர்ந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்ன சொல்ல வேண்டுமென்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்: வயது, குளிர், வழுக்கும் படி, ராத்திரியில் ஒன்று ஆனால் யார் வருவார்கள். இறங்கிச் சரிவில் நடந்தபோது மஞ்சு சற்று விலகி வெளிறிய வெயில் விழுந்தது. அப்போதுதான் வாசல் தெரிந்தது.

வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில், பந்தலில்லாமல் ஒரு வீட்டு வாசலில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தால் யாரையும் எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் முக்காடிட்டு ஓரமாக நின்றார்கள். காரின்மேல் சாய்ந்து, நெற்றியில் கை வைத்தபடி மகன் நின்றான். அந்த நிலையிலும் எண்ணினேன். பத்து நாற்காலிகள். பாட்டிலைக் கொட்டினால் போதுமென்று இருந்துவிட்டேனே, அன்றே மலையிலேயே தங்கியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். நாற்காலி ஈரமாக இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

"யாருக்குங்க தம்பி அழுவறீங்க?"

தலையைத் தூக்கினேன். முழங்கை வரை கறுத்த கைகளோடு அண்ணி நின்றார்.

"நாற்காலி... வாசல்ல..." என்றேன்.

"பூஞ்ச புடிச்சுக் கெடந்துச்சுங்க. வெயிலு எட்டிப் பாத்துதேன்னு கழுவிப் போட்டேன். ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போகட்டும்னு இவங்களயும் வரச் சொன்னேன்." என் முகத்தைப் பார்த்தவருக்குப் புரிந்துவிட்டது. "அட சாமி. நான் செத்தா இவங்க இத்தன அமைதியாவா நிப்பாங்க?"

"அம்மா குடுக்கறதுக்கு முன்னால போயிட்டா நாங்க எதுல உக்காந்து அழுவறதுங்க?" என்றாள் ஒருத்தி. பெண்கள் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான். ஹாலில் சன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி. அடுக்களையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு சட்டிகள். "இது ஊடாம்மா? நாலு பேரு வந்தா எங்க உக்காருவாங்க?"

"உக்காரக் கூடாதுன்னுதாங் கண்ணு குடுத்தேன்" என்றார் அண்ணி. "பன்னெண்டு நாற்காலி கெடந்தா பன்னெண்டு டம்ளர் கழுவோணும். உங்கப்பா இருந்த வரைக்கும் கழுவுனேன். அவரு மேல ஒரு கொறையுமில்ல. ஆனா இனி கழுவ மாட்டேன்."

சமையலறையிலிருந்து, ஆவியில் வெந்த ஒரு துணிச்சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். குச்சியில் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தபடியே பிரித்தார். வெள்ளைப் பருத்திச் சேலை. உள்ளேயிருந்து வெந்த இலைகள் உதிர உதிர, துணியில் அவற்றின் தடம் நின்றது: சில்வர் ஓக் இலையின் கிழிந்த விளிம்பும் நரம்பும், தைல மரத்து இலையின் செம்மண் நிறமும். சேலை கிழக்குச் சுவரிலிருந்து அடுக்களைக் கதவு வரை நீண்டது. மிதித்துவிடாமலிருக்க மகன் பின்வாங்கிப் பின்வாங்கி வாசற்படிக்கே போய்விட்டான்.

"கடுக்காத் தண்ணில நனச்சு, இப்படி விரிச்சு, எல ஒண்ணொண்ணா வெச்சு, சுருக்கமில்லாமச் சுருட்டோணும். பதினெட்டடித் தர வேணும். மேசையும் நாற்காலியும் கெடந்தா எங்க விரிக்கறது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "சேல ஓரத்துக் கறுப்புச் சாயத்துக்குத் துரு ஆணிய வெல்லத் தண்ணில ஊறப் போட்டு வெச்சிருந்தேன். அந்தப் பாட்டில ஊத்துனது நீங்கதானுங்களே? மறுபடியும் ஊறப்போட்டு நொம்ப நாளு காத்துக் கெடந்தேன்."

சேலை முனையை விடாமல், காலடியில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கினேன்.

"சென்னைல மொட்ட மாடி இருக்குதும்மா" என்றான் மகன். குரல் இறங்கியிருந்தது.

"காத்துல எல பறந்துரும்."

"நீங்க சொல்லுங்க சித்தப்பா. இப்படியே வுட்டுட்டுப் போகட்டுங்களா?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. சேலையின் மறுமுனையைப் பிடித்தபடி குனிந்திருந்தார். முனையை மட்டும் விடவில்லை. பஸ்ஸில் அடுக்கி வந்த காரணங்கள் எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் நான் சொன்னது வேறு.

"உன் ஊட்டு ஹால்ல, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல ஒன்பதடி. பாதிச் சேலதான் விரியும்."

"அளந்தீங்களா?"

"போன தடவ வந்தப்பவே அளந்தேன்."

அவன் அந்த ஒற்றை நாற்காலியில் போய் உட்கார்ந்தான். சேலையைப் பார்த்தபடியே காப்பி கேட்டான். டம்ளர் ஒன்றுதான் என்பதால் மூவரும் மாறி மாறிக் குடித்தோம். தினமும் காலையில் தனக்குப் போன் பண்ண வேண்டும் என்று அண்ணியிடம் வாக்கு வாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பிப் போனான்.

அதன்பின் அண்ணி கடைச் சேலை கட்டவில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு மரம் அவர் சேலையில் இருந்தது. முதலில் கோயிலில் முணுமுணுத்தவர்கள் பிறகு விலை கேட்டார்கள். "எனக்குக் கட்டிக்கறதுக்குத்தானுங்க, விக்கறதுக்கில்ல" என்று முடித்துவிட்டார். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் மலையேறினேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை மகனுக்குப் போன் வரவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் ஒழித்து வைத்த அந்தத் தரையில், இலைச் சேலையொன்றைப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். நாற்காலிக்குப் பந்தல் கடையில் சொல்லலாமா என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியிருக்கவில்லை. மஞ்சுக்குள்ளிருந்து லைன் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக, தலையில் நாற்காலியைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி வந்தார்கள். வாசலில் அதே வரிசையில் போட்டார்கள். எண்ணினேன். பத்து. உள்ளே சன்னலோரம் ஒன்று. ஒன்று குறைந்தது.

குறைந்தது என்னுடையது. கடிகாரங்களுக்கும் போசிகளுக்கும் அடியில் அது குப்பனூரில் கிடந்தது. "உக்காருங்கய்யா" என்று ஒருத்தி தன் நாற்காலியை நகர்த்தினாள். அண்ணியை எடுக்கும் வரை நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

வீடு திரும்பியதும் அதன்மேலிருந்தவற்றைப் பழைய சாமான்காரரிடம் போட்டேன். சுற்றிலும் கிடந்தவையும் கொஞ்சம் போயின. இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முன்னால் நாலடித் தரை வெறுமையாகக் கிடக்கிறது. அதில் என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை.