பெட்டி ஓடும் வரை

ஐப்பசி மழைக்குப் புத்தளத்தில் உப்பளத்தை மூடினார்கள். கூலியோடு, ஆளுக்கு ஐந்து கிலோ கல்லுப்பும் தந்தார்கள். அடுத்த வேலை மன்னாரில், கார்த்திகை பிறந்த பிறகுதான். இடையில் கிடந்த நாட்களைக் கழிக்க எனக்கு வீடு கிடையாது. ஆகவே கொழும்பு பஸ்ஸில் ஏறினேன்.

புறக்கோட்டையில் இறங்கி வெள்ளவத்தைக்கு இன்னொரு பஸ். ஒன்பது கிலோமீட்டர், எழுபது ரூபாய், மழை நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். சந்தைக்குக் கிட்ட இறங்கியபோது மாலை நாலரை மணி. மறுநாள் கந்தசஷ்டி விரதம் தொடக்கம் என்பதால் காலி வீதி நடைபாதையெல்லாம் பூவும் வாழைப்பழமுமாக இருந்தது. மீன்கடைகளில் மட்டும் ஆளில்லை.

நான் தேடிப் போனது குகன் அண்ணையை. ஒரு காலத்தில் ஒருகொடவத்தைக் கொண்டெய்னர் யாட்டில் ஒன்றாக வேலை செய்தோம். குளிர் கொண்டெய்னர்கள் நின்றுபோகாமல் பார்ப்பது அவர் வேலை. நான் கதவு திறந்து மூடுகிறவன். இப்போது அவர், கனடாவில் இருக்கும் மைத்துனரின் மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியில், தகரக் கூரை போட்ட ஒரே அறையில் இருக்கிறார். வீட்டின் மற்ற மாடிகளில் மின்சாரம் உண்டு. அவருடைய அறைக்கு வருகிற வயரை அவரே அறுத்துவிட்டார். நாள் முழுக்க மின்வெட்டு நடந்த வருடத்தில் நான்கு சூரியத் தகடுகளும் பழைய லொறி பற்றரிகளும் வாங்கிப் பூட்டினார். பிறகு மின்வெட்டு நின்றது. அவர் அந்த வயருக்குத் திரும்பப் போகவில்லை.

படியேறிப் போனபோது அவர் தொட்டியடியில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். பாரையும் சூரையும், பதினைந்து கிலோவுக்குக் குறையாது.

"வந்திட்டியா? நல்ல நேரம் பாத்து வந்திருக்கிறாய். நாளைக்கு விரதம். இண்டைக்கு மீன்காரன் பாதி விலைக்குத் தாறான். ஒவ்வொரு வருசமும் இதுதான் என்ர வேலை. சனம் விரதத்துக்குப் பழம் வாங்கேக்க நான் மீன் வாங்கிப் பெட்டியில போட்டிடுவன். மாசி வரைக்கும் காணும்."

உப்புப் பையை நீட்டினேன். தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"பெட்டி வைச்சிருக்கிறவனுக்கு உப்பு என்னத்துக்கடா?"

பெட்டி என்று அவர் சொன்னது அறை மூலையில் கிடந்த ஆளுயர நீளக் குளிர்பெட்டியை. மூடியைத் திறந்து காட்டினார். அத்தனையும் ஐஸ்கிறீம் டப்பாக்கள். ஆசையோடு ஒன்றைத் திறந்தேன். அவித்த பலாக்கொட்டை. அடுத்ததில் முருங்கையிலை, அடுத்ததில் துருவிய தேங்காய். மொட்டைமாடியில் விளைகிற மரவள்ளி, கத்தரி, பாகல், பொன்னாங்காணி எல்லாம் அவித்தும் அரிந்தும் உள்ளே கிடந்தன. அரிசியும் தேங்காயும் தேயிலையும் மீனும்தான் காசுக்கு வாங்குவது. குடிக்கவும் குளிக்கவும் கூரைத் தண்ணீர். அடுப்புக்குச் சிரட்டையும் கட்டட வேலைக்காரர் எறிகிற பலகையும்.

அந்தப் பலகை தாராளமாகக் கிடைத்தது. பக்கத்து வளவில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. போன வருடம் நான்காம் மாடியில் நின்றதாம். இப்போது ஒன்பதாம் மாடிக்குக் கம்பி கட்டினார்கள். தெற்குப் பக்கம் வானமே இல்லை.

மாலை ஆறரைக்கு அவருடைய போன் அடித்தது. மனைவி தவமணி அக்கா. மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று ரொறொன்ரோ போனவர் அங்கேயே நின்றுவிட்டார். போகும்போது இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு நடந்ததாம். தனியாக இருந்து சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்க, தோட்டமும் பெட்டியும் போதும் என்று இவர் சொல்லியிருக்கிறார். "சரி, பெட்டி ஓடும் வரைக்கும் இருங்கோ. நிண்டா அண்டைக்கே டிக்கெட் அனுப்புவன்" என்று அவர் முடித்திருக்கிறார். அன்றிலிருந்து போனில் முதல் கேள்வி சுகம் விசாரிப்பதல்ல.

"பெட்டி ஓடுதே?"

"ஓம். கல்லு மாதிரிக் கிடக்கு."

அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் பேரப்பிள்ளையின் சத்தம் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது. அவர் போனை அணைத்துப் பற்றரி மிச்சம் பிடித்தார். இருட்டில் இரண்டு பேரும் மீனும் மரவள்ளியும் சாப்பிட்டோம். கடல் நானூறு மீற்றரில்தான் இருந்தது. ஆனால் கேட்டதெல்லாம் ரயில் சத்தம்தான்.

விரதம் தொடங்கிய காலை அவர் முழுகி, திருநீறு பூசி, ஒரு வேலையை எனக்கு ஒப்படைத்தார். பெட்டிக்குள் மச்சம், அதாவது மீன் கிடக்கிறது. ஆகவே ஆறு நாளும் அவர் அதைத் தொடமாட்டார். காய்கறியும் அதே பெட்டிக்குள் கிடப்பதால் அதையும் அவர் தின்னமாட்டார். அவருக்குப் பின்னேரம் பாலும் பழமும் காணும். நான் சாப்பிடலாம், ஆனால் தனி அடுப்பில், தனிச் சட்டியில், மீன் சமைக்காமல். காலையும் மாலையும் ஒருதரம் மூடியைத் திறந்து பார்த்து அவருக்குச் சொல்லவேண்டும்.

என்ன பார்ப்பது என்று கேட்டேன். உள்ளே ஒரு பீங்கான் கோப்பையில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஐந்து ரூபாய் நாணயக் குத்தி ஒன்றை வைத்திருந்தார். யாட்டில் நாங்கள் செய்துவந்த வேலைதான். குத்தி மேலே கிடந்தால் பெட்டி ஓடுகிறது. உள்ளே போயிருந்தால் இடையில் எப்போதோ உருகியிருக்கிறது.

முதல் நாள் குத்தி மேலே கிடந்தது. வெயிலும் கொஞ்சம் இருந்தது. பத்து மணிக்குப் பிறகு அடுக்குமாடியின் நிழல் தகடுகளில் ஏறியது. இரண்டு மணிக்கு அது இறங்கும்போது மழை முகில் வந்துவிட்டது. பகல் முழுக்க அவர் செடித் தொட்டிகளை நிழல் படாத பக்கமாக இழுத்துப் போட்டார். கத்தரிச் செடியைக் காலையில் கிழக்கேயும் மாலையில் மேற்கேயும் நகர்த்துவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. நான் உதவினேன். ஒரு பகல் முழுக்க நாங்கள் பேசிய சொற்களை ஒரு கையில் எண்ணலாம். அவருக்குப் பேச ஆளில்லாமல் பழகிவிட்டது, எனக்கும் அப்படித்தான்.

இரண்டாம் நாள் விடியவே மழை. மூன்றாம் நாளும் விடவில்லை. அன்று மாலை மூடியைத் திறந்தேன். ஓரத்தில் தண்ணீர் நின்றது. மேலே கிடந்த டப்பாக்களை அமுக்கினால் குழிந்தன. அடியில் மீன் மட்டும் கெட்டியாக இருந்தது. கோப்பையில் குத்தி பாதி அமிழ்ந்து சரிந்து நின்றது.

வெளியே வந்தேன். அவர் கூரைத் தாழ்வாரத்து ஈரத்தில் பாய் போட்டு உட்கார்ந்து பற்றரி மீற்றர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு மாதிரி இருக்கோ?"

"கரையில தண்ணி, அண்ணை."

"குத்தி?"

"பாதி உள்ளுக்குப் போயிட்டுது."

அவர் மறுபடி முள்ளைப் பார்த்தார். ஆறரைக்குப் போன் வந்தது. "ஓம், கல்லு மாதிரிக் கிடக்கு" என்றார். வைத்த பிறகு, "விரதத்தில பொய் சொல்லிப்போட்டன்" என்று தகடுகளின் பக்கம் பார்த்துச் சொன்னார்.

கீழ்வீட்டில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் இருக்கிறார், மட்டக்களப்புக்காரி. மூன்று நாளாக மேலே வெளிச்சம் இல்லாததைக் கண்டு படியேறி வந்தார். தன் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்துத் தருவதாகச் சொன்னார். பில்லைப் பற்றி யோசிக்க வேண்டாமாம். குகன் அண்ணை எழுந்து நின்று நன்றி சொல்லி, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பெட்டிக்குள் இவ்வளவு சாப்பாடு பழுதாகப் போகிறதே என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"ரீச்சரின்ர வயரில ஓடினா அது ரீச்சரின்ர பெட்டி" என்றார். "தவமணிக்கு நான் சொன்னது அதில்ல."

நான்காம் நாள் காலை குத்தியைக் காணவில்லை. கோப்பையின் அடியில் கிடந்தது. மீன் வளையத் தொடங்கியிருந்தது. ஆனால் குளிர் விடவில்லை, மணமும் இல்லை. விரத வீட்டில் சமைக்க முடியாது. எறியவும் மனமில்லை. அக்கம்பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் விரதம். எனக்கு ரெஜினா அக்காவின் ஞாபகம் வந்தது. யாட் வேலைக்காலத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து எங்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; அவருக்குச் சஷ்டி இல்லை.

மீனையெல்லாம் குளிர் தாங்கும் ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கினேன். குகன் அண்ணை எட்ட நின்று, பெட்டியைத் தொடாமல், எதை எப்படி அடுக்குவதென்று கையால் காட்டினார். கடைசியாக என் உப்புப் பையைக் காலால் என் பக்கம் தள்ளினார். "அதையும் கொண்டுபோ."

முச்சக்கரவண்டிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசினேன். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். சாரதி சிங்களவர், பெட்டியை முகர்ந்து பார்த்து "மாலுத, அய்யே?" என்றார். மீன்தான் என்றேன். வண்டிக்குள் சொட்டினால் கழுவித் தரவேண்டும் என்று நிபந்தனை போட்டார். புறக்கோட்டை தாண்டி ஜிந்துப்பிட்டியில் வண்டி நின்றுவிட்டது. முருகன் கோயில் பூசை முடிந்து சனம் வீதியை நிறைத்திருந்தது. ஈரச் சேலையோடும் வெறும் வயிற்றோடும் பெண்கள் வண்டியை உரசிக்கொண்டு போனார்கள். என் மடியிலிருந்து மீன் தண்ணீர் வீதியில் சொட்டியது. துவாயால் பெட்டியை மூடி, குழந்தையைப் போல் அணைத்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். சாரதி கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டேயிருந்தார்.

ரெஜினா அக்கா கொட்டாஞ்சேனையில் அதே ஒடுங்கிய சந்தில், அதே வீட்டில் இருந்தார். என்னை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது.

"அட, கதவு தம்பி! உயிரோடதான் இருக்கீங்களா? என்னா இது, மீன் கடையையே தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். மீனின் செவுளை விரித்துப் பார்த்தார். சூரை அன்றைய பார்சலுக்குப் போகும் என்றார். பாரையைத் துண்டு போட்டு ஜாடி போடலாம் என்றார். உப்பும் கொறக்காப்புளியும் அடுக்கடுக்காக வைத்து அமுக்கினால் மாதக்கணக்கில் கிடக்கும். குளிர் தேவையில்லை. என் உப்பைக் கையில் அள்ளிப் பார்த்து நல்ல உப்பு என்றார். பின்னேரம் வரை இருந்து இரண்டு பேருமாக மண்சாடியை நிரப்பினோம். அவருடைய மகன்கள் இரண்டு பேரும் இத்தாலியில். அடுப்பில் ஏழு ஆளுக்கு வேகிற சட்டி, வீட்டில் ஒரு கதிரை.

புறப்படும்போது, "அந்த அண்ணன் இன்னும் தனியாவா இருக்கிறாரு?" என்று கேட்டார். ஓம் என்றேன். "ஆம்பளைங்களுக்கு வீம்பு ஒரு சோறு" என்றார். ஜாடியைத் தேவையானபோது வந்து எடுக்கச் சொன்னார்.

மிச்ச நாட்கள் மழையோடு போயின. பெட்டியில் உருகிய மரவள்ளியையும் பலாக்கொட்டையையும் என்னால் முடிந்தவரை தின்றேன். பாதியைக் கீழ்வீட்டு ரீச்சருக்குக் கொடுத்தேன். மிச்சம் செடிக்கு உரமானது. சூரன்போர் அன்றும் குகன் அண்ணை கோயிலுக்குப் போகவில்லை. நிழலுக்குள் நின்ற கத்தரிச் செடிகளில் பூ உதிர்ந்திருந்ததைக் கூட்டி அள்ளினார். விரதத்தின் கடைசி இரண்டு மாலையும் ஆறரைக்குப் போன் அடிக்கவில்லை. பற்றரி இல்லாமல் அது செத்துக் கிடந்தது.

விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணை அன்று காலை வெயில் வந்தது. தாமதமாக வந்த வெயில். ஆறு நாள் பட்டினிக்குப் பிறகு அவர் சோறும் பொன்னாங்காணியும் சாப்பிட்டார், மெதுவாக, ஒவ்வொரு பிடியாக. பிறகு போனைத் தகட்டு வயரில் பூட்டி, உயிர் வந்ததும் தானே எண்ணை அழுத்தினார். அங்கே இரவாகியிருக்கும்.

"தவமணி, பெட்டி நிண்டிட்டுது."

சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. தவமணி அக்கா பெரிதாக அழுவார், அல்லது நான் சொன்னேன்தானே என்பார் என்று நினைத்தேன். குரல் சாதாரணமாக வந்தது.

"உங்கட சப்பாத்து என்ன சைஸ்? இஞ்ச இனிப் பனி."

அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் செருப்புத்தான். காலை நீட்டி என்னை அளக்கச் சொன்னார். என் சாணால் ஒன்றும் கொஞ்சமும். அதைப் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் தவமணி அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அந்த வீட்டில் முதல்தரம் கேட்டேன்.

அன்று மத்தியானமே புறப்பட்டேன். அதற்குமுன் அவர் ஒன்று கேட்டார். தான் போன பிறகு மொட்டைமாடியில் நான் இருக்கலாம், வாடகை வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் போதும். மன்னாரில் வேலை இருக்கிறது என்றேன். அது ஒரு மாதத்துக்குரிய வேலை. அது அவருக்கும் தெரியும். வற்புறுத்தவில்லை. மரவள்ளி ஒன்றைப் பிடுங்கி, தடியை மூன்று துண்டாக வெட்டிச் சணலால் கட்டித் தந்தார்.

"எங்க நிண்டாலும் குத்து. ஒன்பது மாசத்தில கிழங்கு."

மன்னார் பஸ்ஸில் கண்டக்டர் என் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தடிகளைப் பார்த்து, இதுக்கும் டிக்கெட் போடவா என்று பகிடி விட்டார். பிறகு, தோட்டம் எங்கே என்று உண்மையாகவே கேட்டார். போகிற வழியில் என்றேன்.

வெள்ளவத்தையில் நான் பார்த்த மனிதர் உலகத்திலிருந்து வயரை அறுத்துக்கொண்டவர் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. அவருடைய பெட்டி நிற்குமா என்று ஒருவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எந்த ஊரிலும் எதுவும் ஓடவில்லை. ஆகவே நின்றதா என்று கேட்கவும் ஆளில்லை.

இதை மன்னாரில் எழுதுகிறேன். வேலை முடிந்து ஒரு வாரமாகிறது. தடிகள் அறை மூலையில் சாத்தியபடி இருக்கின்றன. ஒன்பது மாதம் நான் ஓரிடத்தில் நின்றதில்லை, அதனால் இன்னும் நடவில்லை. இன்று காலை பார்த்தேன், மண்ணும் தண்ணீரும் இல்லாமலே ஒரு கணுவில் முளை வந்திருக்கிறது.