போயா அன்னைக்கு ரெண்டு பல்லுவலி

போயா அன்னைக்கு, அதான் பௌர்ணமி லீவு அன்னைக்கு, என் மாடிப்படியில நடந்தது இது...

(முதல்ல ஒன்னு. சம்பந்தப்பட்ட ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேரு, ஊரு, வேலை எல்லாம் மாத்தியாச்சு. "எழுதுங்க மிஸ், எங்கள மாதிரி எத்தன வீடு இருக்கும்"னு சொன்னதே அவங்கதான்.)

நான் கண்டி டவுன்ல கவுன்சலிங் செய்றேன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும்.

என் ரூம் முதலாம் மாடி. எனக்கு மேல ரெண்டாம் மாடியில ஒரு பல் டொக்டர்.

அதனால என்கிட்ட வர்ற முக்கால்வாசிப் பேர் வீட்டுல சொல்லிட்டு வர்ற காரணம் ஒன்னே ஒன்னுதான். பல்லுவலி!

(மனசு சரியில்ல, ஒருத்தர்கிட்ட பேசப் போறேன்னு சொன்னா "பைத்தியமா உனக்கு"ன்னு கேப்பாங்க. பல்லுவலின்னா சோத்தக் குழைச்சுக் குடுப்பாங்க!)

என் ரூம்ல மேசை கிடையாது. மூனு கதிரை மட்டும்தான்.

ஒன்னு எனக்கு. ஒன்னு வர்றவங்களுக்கு. மூனாவது சும்மா இருக்கும்.

பேச்சு ஓடாம நின்னுட்டா அந்தக் கதிரையக் காட்டி ஒன்னு கேப்பேன். "இதுல இப்ப யார் வந்து உக்காந்தா உங்களுக்கு நல்லாருக்கும்?"

(படிச்சது பாதி, என் கைச்சரக்கு பாதி.)

சேகர் கொஞ்ச மாசமா வர்றார். பல்லேகலயில ஃபேக்டரி வேலை. அவருக்கும் மனைவிக்கும் பிறக்க இருந்த முதல் பிள்ளை வயித்துலயே போயிருச்சு.

வருவார், உக்காருவார், அழுவார். போறப்ப முகத்தக் கழுவிட்டுப் போவார்.

அழுறப்ப சட்டப் பையில இருந்து ஒரு சின்னச் சாவிய எடுத்து உள்ளங்கையில வச்சிக்குவார். பிள்ளைக்கு வாங்கின உடுப்பெல்லாம் வச்சுப் பூட்டின அலுமாரியோட சாவி.

மூனாவது கதிரைக்கு அவர் சொன்ன ஆள் அவர் மனைவி.

"வனிதாதான் மிஸ். ஆனா அவ முன்னுக்கு நான் அழுதா அவ உடைஞ்சிருவா. நானாவது தெம்பா இருக்கணும்ல?"

போன மாசம் புதுசா ஒரு பொண்ணு வந்தாங்க. கெலிஓயாவுல இருந்து.

"என் வீட்டுக்காரருக்கு மனசே இல்ல மிஸ்! பிள்ள போச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. உடுப்பெல்லாம் அலுமாரியில போட்டுப் பூட்டி, சாவிய எங்கயோ வீசிட்டாரு."



சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்!

ஆனா வாயத் திறக்க முடியாது. ஒருத்தர் நம்பிச் சொன்னத அவங்க வீட்டு ஆள்கிட்ட சொன்னாலும் சொன்னதுதான். அதுக்கப்புறம் என் கதவ இழுத்து மூட வேண்டியதுதான்.

வேற ஆள்கிட்ட போங்கன்னு சொன்னா "ஏன் மிஸ்?"னு கேப்பாங்க. அதுக்கும் பதில் சொல்ல முடியாது.

வனிதாகிட்டயும் அந்தக் கதிரையக் காட்டிக் கேட்டேன்.

"அவருதான். ஆனா அவரு எங்க இங்கெல்லாம் வரப்போறாரு!"

வீட்டுல ஒருதரம் பேசிப் பாருங்களேன்னு ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி தலைய ஆட்டினாங்க, முடியாதுன்னு.

போயாவுக்கு முதல் நாள் வனிதா போன் பண்ணாங்க.

"நாளைக்கே உங்களப் பாக்கணும் மிஸ். அதுக்கு அடுத்த நாள் புசல்லாவைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்ற எண்ணம் இல்ல."

சேகருக்கு ஏற்கனவே ஒன்பது மணிக்குக் குடுத்திருந்தேன். ரெண்டு பேரும் மோதிக்கக் கூடாதுன்னு வனிதாவ பதினொரு மணிக்கு வரச் சொன்னேன்.

நல்லாத்தான் கணக்குப் போட்டேன். ஆனா போயான்னா ட்ராஃபிக் இல்லாம பேராதனை ரோட்டுல பஸ் பறந்து வரும்ங்கிறத மறந்துட்டேன்!

சேகரும் அன்னைக்கு கதிரைய விட்டு நேரத்துக்கு எழும்பல. அழுகை நிக்கல.

ஒருமாதிரி முகத்தக் கழுவிட்டு வந்தார். கதவத் திறந்து விட்டேன்.

படியில வனிதா.

"என்னங்க... வேலை இருக்குன்னுதானே போனீங்க?"

"இல்ல... பல்லு. மேல டொக்டர்கிட்ட. நீ?"

"நானும் பல்லுக்குத்தான்."

ரெண்டு பேரும் மேல பாத்தாங்க.

மேல் மாடிக் கேட்டுல பெரிய பூட்டு. போயா இல்லையா, டொக்டர் லீவு!

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு.

சொல்றதுக்கு ஆயிரம் இருந்துச்சு. "அவர் கண்ணப் பாரும்மா, எப்படிச் சிவந்திருக்கு"ன்னு கத்தணும் போல இருந்துச்சு.

ஆனா உள்ள போய் என் கதிரையில உக்காந்துட்டேன். கதவ மட்டும் திறந்தே விட்டேன்.

அந்த நேரம் நான் பயந்த மாதிரி பரீட்சைக்குக் கூடப் பயந்ததில்ல. படியில கேக்கிற செருப்புச் சத்தம் கீழ போகுமா, உள்ள வருமா?

உள்ள வந்துச்சு. ரெண்டு பேரோடதும்.

மூனு கதிரையும் நிறைஞ்சிருச்சு. 

சேகர் சட்டப் பையில கை விட்டு அந்தச் சாவிய எடுத்து நீட்டினார்.

"வீசிட்டீங்கன்னுல நினைச்சேன்..."

"எப்படி வீசுறது? நீ கோயிலுக்குப் போற நேரம் பாத்துத் திறந்து வச்சிட்டு உக்காந்திருப்பேன்."

வனிதா அவரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"நான் கோயிலுக்குப் போனதே உங்களுக்குத் தெரியாம அழத்தான்."

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அழுதாங்க. இவ்வளவு நாளா தனித்தனியா அழுதது, அன்னைக்குத்தான் சேர்ந்து.

நான் எதுவுமே செய்யல. தண்ணி மட்டும் ஊத்திக் குடுத்தேன்.

போறப்ப சேகர் முன்னால படி இறங்கினதும் வனிதாகிட்ட மெதுவாக் கேட்டேன், "நாளைக்குப் புசல்லாவைக்கா?"

வனிதா சாவிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டே சொன்னாங்க.

"முதல்ல அந்த அலுமாரியத் திறக்கணும் மிஸ். சேர்ந்து."

உங்க வீட்டுலயும் யாருக்காவது அடிக்கடி "பல்லுவலி" வருதா?

வாயத் திறந்து காட்டச் சொல்லாதீங்க. பக்கத்துல ஒரு கதிரையப் போட்டு உக்காருங்க.