காஞ்சொறி எரிக்காத இடம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். கோணலுக்கு நோய் காரணம் இல்லை. நோய் வந்தது இடது கையில். எழுதுவது வலது கையால்.

நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். ஆனாலும் என்னைப் போல ஒருவர் எங்கேயோ தன் தோலில் ஒரு வெளிறிய இடத்தைத் தேமல் என்று நினைத்து இலை அரைத்துப் பூசிக்கொண்டிருக்கலாம். அவர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கொட்டாரத்துக்குப் பக்கத்தில் வயலை ஒட்டி முப்பது சென்ட் இடத்தில் மூலிகை வளர்க்கிறேன். நாற்று கொடுப்பேன். இருமல், சளி, வயிற்றுக் கோளாறு என்று வருகிறவர்களுக்குத் தெரிந்த மருந்தைச் சொல்வேன். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கடற்கரை ஊரான இனயம் போய், கோயில் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்குச் செடி அடையாளம் சொல்லிக் கொடுப்பேன். எல்லாரும் மீன் விற்கிற, மீன் காயவைக்கிற வீட்டுப் பெண்கள். அவர்கள் என்னை ஆசான் என்று கூப்பிடுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வருடம் ஆவணி மாதம். வேலி ஓரத்தில் காஞ்சொறிக் கொடியை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அதன் இலையிலும் தண்டிலும் சுணை உண்டு. தொட்ட இடம் தீப்பட்டதுபோல எரிந்து தடிக்கும். இருபது வருடமாக அதனிடம் எரிச்சல் வாங்கியவன் நான். அன்று கொடி என் இடது முன்கையில் நன்றாக உரசிப் போனது. எரியவில்லை. இலையை எடுத்து அதே இடத்தில் வேண்டுமென்றே தேய்த்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததற்குச் செடி என்னை அறிந்துகொண்டது என்று நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். கொடியின் முன்னால் கை கூப்பிக் கும்பிட்டேன்.

அந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு வெளிறல் சில மாதங்களாகவே இருந்தது. தேமல் என்று சீமையகத்தி இலை அரைத்துப் போட்டுவந்தேன். அரிக்காத தேமல் என்பது எனக்கு உறுத்தவில்லை. அதே நாள்களில்தான் கஷாயம் காய்ச்சும் உருளியை இறக்கும்போது இடது சுண்டுவிரலில் சுட்டுக் கொப்புளம் வந்தது. அதை நான் பார்க்கவில்லை. சாப்பாடு பரிமாறும்போது என் மனைவி வசந்தா பார்த்துச் சொன்னாள். வேலை மும்முரத்தில் தெரியவில்லை என்றேன்.

அடுத்த சனிக்கிழமை இனயத்தில், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பெருமை பேசினேன். காஞ்சொறியை எடுத்து முன்கையில் தேய்த்துக் காட்டி, "இதுக்கு என்னைத் தெரியும்" என்று சொன்னேன். பெண்கள் வாயில் கைவைத்துப் பார்த்தார்கள். புஷ்பம் மட்டும் நம்பவில்லை. அவள் தலைச்சுமையாக மீன் விற்கிறவள், எதையும் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

"ஆசானே, உங்களத் தெரிஞ்ச செடிக்கு வலத்தக் கையத் தெரியாதா? அதுலயும் ஒண்ணு தேச்சுக் காட்டுங்க, பாப்போம்."

தேய்த்தேன். சுரீர் என்று ஏறியது. கையை உதறினேன்.

"செடிக்கு இடத்தக் கையோட மட்டுந்தான் சிநேகம் போல" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வலது கையில் தடிப்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. இடது கையில் அந்த வெளிறிய இடத்தில் சின்னத் தடிப்பு இருந்தது, சுற்றிச் சிவப்பு இல்லை. சட்டைப் பையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அந்த இடத்தில் தொட்டேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ரத்தம் எட்டிப் பார்த்தது. யாரோ இன்னொருவர் கையைக் குத்துவதுபோல இருந்தது. ஊர் வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு இளவயது பெண் டாக்டர். என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். பல இடங்களை நான் காட்டவே இல்லை. முதுகிலும் இடுப்பிலும் நான் பார்க்கவே முடியாத வெளிறல்கள் இருந்தன. மொத்தம் ஏழு. காது மடலில் சின்னக் கீறல் போட்டுத் தோல் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு பெயரைச் சொன்னார். தொழுநோய் (தோலையும் நரம்பையும் பிடிக்கும் கிருமி நோய். மெதுவாக, வருடக்கணக்கில் வளரும்).

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கையால் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்திருக்கிறேன் என்பதுதான் மனதில் ஓடியது. டாக்டர் அதைப் புரிந்துகொண்டவர் மாதிரி, மருந்து தொடங்கிவிட்டால் நோய் மற்றவருக்குப் பரவாது, தொட்டுப் பழகுவதால் ஒருவரும் ஒதுங்க வேண்டியதில்லை, வேலையை விட வேண்டாம் என்றார்.

காஞ்சொறிக் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தோலில் மருந்து வைத்து, சுற்றிச் சிவப்புப் படர்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை முன்பு உண்டாம். நரம்பு கெட்ட இடத்தில் அந்தச் சிவப்பு வராதாம். "அந்தச் சோதனைய நீங்க செடிய வச்சே செஞ்சிருக்கீங்க" என்றார். அப்படியானால் செடி என்னிடம் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் என் வலது கை விரல்களைப் பிடித்து, இடது முழங்கையின் உட்பக்கக் குழியில் வைத்து உருட்டச் சொன்னார். தோலுக்கு அடியில் கயிறுபோல ஒன்று நழுவியது. அல்நார் நரம்பு (சுண்டுவிரலுக்கு உணர்வும் பலமும் கொண்டுபோகும் நரம்பு) வீங்கியிருந்தது. மண்ணுக்குள் கைவிட்டு வேரைத் தொடுகிற பழக்கம் எனக்கு உண்டு. என் உடம்புக்குள் ஒரு வேர் ஓடுவதை ஐம்பது வயதில்தான் தொட்டேன். பயந்து போயிருந்த அந்த நேரத்திலும் அதிசயமாக இருந்தது.

உணர்வு திரும்ப வருமா என்று கேட்டேன்.

"நரம்பு முழுசா போயிருக்கலன்னா கொஞ்சம் வரலாம். உறுதி சொல்ல மாட்டேன். நரம்பு வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. காத்திருக்கணும்."

கடுக்காய்க் கொட்டை முளைக்கக் காத்திருந்திருக்கிறேன். மாதக்கணக்கில் மண்ணுக்கு மேல் ஒன்றும் தெரியாது. தோண்டிப் பார்க்கவும் கூடாது. அதை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மருந்து பன்னிரண்டு மாதம். மாதத்துக்கு ஒரு அட்டை, இலவசம். அட்டையின் முதல் வரிசையை நர்சம்மா முன்னால் விழுங்க வேண்டும், மற்றதைத் தினமும் வீட்டில். முதல் வேளை மாத்திரை போட்ட பிறகு சிறுநீர் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய வெந்நீர்போலச் சிவந்து வந்தது. ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் மருந்து) அப்படிச் செய்யும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இன்னொரு மாத்திரையால் தோல் கறுத்தது. நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) ஆறு மாதம், அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். அதனால் அகோரப் பசி, தூக்கம் குறைவு. வசந்தாவையும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. தடுப்புக்கு ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள்.

இரண்டு சனிக்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லி இனயம் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை போனேன். ஒரு பொய்யை அங்கே கற்றுக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், அதை அப்படியே விடக்கூடாது. நின்றுகொண்டு சொல்லத் தைரியம் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். செடிக்கு என்னைத் தெரியாது, என் கைக்குத்தான் உணர்வு போயிற்று, நோயின் பெயர் இது, மருந்து சாப்பிடுகிறேன், என்னிடம் படிக்க விருப்பமில்லாதவர்கள் வர வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

புஷ்பம் எழுந்து வந்து என் இடது கையைப் பிடித்து, மீனின் செவுளைப் பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா ரெண்டு வாரம் ஒளிச்சிருந்திய? எங்க மாமனாருக்கும் இது உண்டும்லா. மாத்திரையத் தின்னுட்டு, கண்ணடைக்கிறது வரைக்கும் எங்கள ஏசிக்கிட்டேதான் இருந்தாரு."

பிறகு அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து எனக்குக் குடிக்கக் கொடுத்தாள். நான் குடித்ததும் வாங்கி, மிச்சத்தை அவள் குடித்தாள். "செரி, இன்னைக்கி என்ன இலையாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் பின்னால் வந்தார். மற்றவர் இதுவரை வரவில்லை.

அன்று முதல் வகுப்பில் செடிகளோடு ஒரு பஞ்சும் வைத்திருக்கிறேன். தோல் வெளிறல் என்று யார் வந்தாலும் இலை அரைப்பதற்கு முன் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட வேண்டும், தெரியவில்லை என்றால் நம் மருந்து அங்கே முடிந்தது, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். முன்பு என்னிடம் தேமலுக்கு மருந்து வாங்கிய முகங்களை யோசித்து யோசித்து வீடு தேடிப் போனேன். எல்லாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது எனக்குள் ஒரு முள்ளாக இருக்கிறது.

சாயங்காலம்தோறும் கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி, காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணர்வில்லாத கைக்குக் கண்தான் காவல். கண்ணாடி போட்டுக்கொண்டு வசந்தா ஒவ்வொரு விரலாகப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. முன்பு மழையை வைத்தும் விதைப்பை வைத்தும் நாளை அறிவேன். அந்த வருடம் முழுக்க அட்டையில் காலியான குழிகளை வைத்து அறிந்தேன். முகம் கறுத்துப்போன என்னை, எந்த வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்தீர்கள் என்று இனயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள்.

மாத்திரை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மழை பெய்து வேலியில் காஞ்சொறி புதிதாகத் தழைத்திருக்கிறது. இன்று காலை ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். இடது முன்கையில் அதே இடத்தில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் இல்லை. இலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்திருக்கப் போனேன். அப்போது அந்த வெளிறலின் ஓரத்தில், முழங்கைப் பக்கத்து ஓரத்தில் மட்டும், தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல ஒன்று வந்தது. பிறகு நெருங்கியது. பிறகு எரிந்தது. நடுவில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு எரிந்தது. அந்த அகலத்துக்குத் தோல் சிவந்தும் வந்தது.

அரிசி கழுவிக்கொண்டிருந்த வசந்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"எரியுதா?"

"எரியுது."

"எண்ணெய் கொண்டு வரட்டா?"

வேண்டாம் என்றேன். "எரியுதுன்னு சிரிக்குற ஆள இப்பந்தான் பாக்குதேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அரிசி அப்படியே கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு விரல் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எரிச்சல் அடங்கிவிடும் என்று பயந்து, அதற்கு முன்னால் நோட்டை எடுத்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.