சாவு வீட்டுத் தண்ணீர் என்று கொட்டிவிட்டார்கள்

மீன் குஞ்சுகள் இருந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டார்கள். தப்பு. யார் செய்திருந்தாலும் தப்பு.

முனிரத்தினம் நேற்றுக் காலை திருப்பதியில் இறந்துவிட்டான். ஹார்ட் அட்டாக். சித்தூர் லாரி ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன்...

முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறேன். முகத்தைப் பார்க்கக்கூடப் போக முடியவில்லை. அவனுடைய அக்காவுக்குப் போன் செய்து, மீன் தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சாவு வூட்டுத் தண்ணிய வெச்சிக்கினு இருக்கலாமாப்பா? கொடம், தவலை, மீன் தொட்டி, எல்லாம் கொட்டிக் கழுவியாச்சு. மீனு ரெண்டயும் பக்கெட்ல வுட்டுட்டோம்."

"குஞ்சுங்க இருந்திச்சேக்கா!"

"இன்னா குஞ்சு? கண்ணுக்கு ஒண்ணும் தெரிலியே."

எப்படித் தெரியும்? ஏஞ்சல் மீன் குஞ்சு கண்ணிமை முடி அளவுதான் இருக்கும். கண்ணு பட்டுவிடும் என்று அக்காவிடம்கூட அவன் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தான்.

ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலாளி ரூமில் இருந்த மீன் தொட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் திருப்பதிக்குப் போனான். பொறாமையில் நானும் ஒன்று வாங்கினேன்.

அவன் மகன் பிரசாத் அதே கம்ப்யூட்டரைப் படித்து அமெரிக்கா போனான். என் பிள்ளைகளும் போனார்கள். பிறகு எங்களுக்குள் மீன் பேச்சுதான்.

"ஒரேய், குட்லு பெட்டிந்திரா!" சந்தோஷம் வந்தால் அவனுக்குத் தெலுங்குதான் வரும். முட்டை வைத்துவிட்டதாம். இரண்டு நாளில் மறுபடியும் போன். "துன்னுடுச்சிடா..." பெற்றதுகளே தின்றுவிடும்.

முட்டை ஒட்டியிருக்கும் இலையோடு வெட்டி எடுத்துத் தனி ஜாடியில் வை என்பேன். "பெத்தவங்ககிட்டேர்ந்து புள்ளயப் பிரிக்கச் சொல்றியே, நீ மனுசனாடா?" என்பான்.

"உன் புள்ளய நீதானடா பிளேன் ஏத்தி வுட்டே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டான். அடுத்த முட்டை வரும்வரை பேசவில்லை.

இந்த முறை பெற்றதுகள் தின்னவில்லை. பக்கத்திலேயே காவல் இருந்தன. குஞ்சுகள் நீந்தவே தொடங்கிவிட்டன.

அவற்றுக்கு அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். போன சனிக்கிழமை. அக்கா சனிக்கிழமையில் வீட்டுக்குள் முட்டை சேர்க்க மாட்டார். டீக்கடையில் அவிக்கச் சொல்லி, சட்டைப்பையில் மறைத்து எடுத்து வந்திருக்கிறான்.

"மலை மேல கீற பெருமாளு எம் பாக்கெட்டயா பாத்துக்கினு இருப்பாரு?" என்று ஒரே சிரிப்பு. "பெத்ததுங்களே வளக்குது, பாத்தியாடா? இப்பவாவது ஒத்துக்கோ."

ஒத்துக்கொள்ளவில்லை. அதுதான் கடைசி போன்.

தனி ஜாடியில் வைத்திருந்தால்... அதையும்தான் கொட்டியிருப்பார்கள். இருந்தாலும் நான் சொன்னதுதான் சரி.

பிரசாத், நாளை வந்து இறங்குகிறாயாம். நீ என் போனை எடுப்பதில்லை, ஃபேஸ்புக் பார்ப்பாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வந்ததும் அந்த பக்கெட்டை நிழலுக்கு நகர்த்து. குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதே. டார்ச் அடித்து உள்ளே பார். ஆபத்து என்றால் பெற்ற மீனே குஞ்சை வாயில் கவ்விக் காப்பாற்றும். ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம்.

அக்காவுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள். காரியத்தன்று மறுபடியும் தண்ணீர் கொட்டுவார்கள். அந்த ஒரு பக்கெட்டை விட்டுவிட வேண்டும்.

திருப்பதியிலிருந்து யார் சித்தூர் பக்கம் வந்தாலும் அந்த ஜோடியை என்னிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். என் தொட்டி காலியாகத்தான் இருக்கிறது.

அதுவரை யார் வீட்டில் இருந்தாலும் சரி, முட்டை வைத்தால் எனக்குப் போன் செய்ய வேண்டும். தெலுங்கில் சொன்னால் போதும்.

போய் வாடா, முனிரத்தினம்.